நகரின் கடல் வாசல்

சென்னையிலேயே பிறந்து, சென்னையிலேயே திருமுழுக்குப் பெற்று, சென்னையிலேயே பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்ட பெரியவர்கள் நம் பங்குகளில் பலர் உளர். மாலை வேளைகளில் மெரினா மணலில் அமர்ந்து சுண்டல் கொறித்தவர்கள். ஆகஸ்டு இறுதியில் பெசன்ட் நகர் அன்னையின் கொடியேற்றத்திற்கு ஆண்டு தவறாமல் நடந்தே சென்றவர்கள். சாந்தோம் பேராலயத்தின் பின்புறத்துக் கரையில் கால் நனைத்தவர்கள். அவர்களிடம், "அலைக்கு அப்பால் சென்று, அங்கிருந்து நம் கரையைத் திரும்பிப் பார்த்ததுண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லை" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். கடற்கரை நகரில் குடியிருக்கிறோம். ஆயினும் கடலைப் பொறுத்தவரை நாம் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்களாகவே இருந்துவிடுகிறோம்.

இக்கட்டுரை ஒரு சிறு கடற்பயணத்தைப் பற்றியது. துறைமுகத்தில் பாய்ப்படகு ஒன்றில் ஏறி, கரையோரமாகத் தெற்கே சாந்தோம் வரையிலும் சென்று, கதிரவன் மறைவதைக் கண்டு, இருட்டியபின் திரும்பிவிடும் பயணம். எல்லாம் சேர்ந்து நான்கு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். இது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நம் குடும்பங்கள் ஒதுக்கிவிடுவது வழக்கம். அவ்வாறு ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் துணிபு. ஏனெனில் இந்நகரின் தலைவாசல் ஒரு காலத்தில் கடல் பக்கமாகத்தான் இருந்தது. நம் முன்னோர்க்கு மறை போதித்தவர்கள் பலர் அவ்வாசல் வழியேதான் வந்தனர். பிற்காலத்தில் இரயிலும் சாலையும் விமானமும் வந்தபின், வாசற்புறம் கொல்லைப்புறமாகிவிட்டது. கொல்லைப்புறத்தை எவரும் விரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே குடியிருப்போரையும் பார்ப்பதில்லை.

தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பாக, பிப்ரவரித் திங்களின் நடுவில் ஒரு நாள் நாங்கள் எண்மர் சென்றோம். பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்றில் கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், எழுபது வயதைக் கடந்த மீனவர் ஒருவர், கல்லூரியில் படிக்கும் அவர் பேரன், பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரத்திலிருந்து பெயர்ந்து இப்போது செம்மஞ்சேரியில் வசிக்கும் ஓர் அம்மாள், நான், படகைச் செலுத்திய இளைஞர். பிப்ரவரி நல்ல காலம். வடகிழக்குப் பருவ மழையும் புயலும் ஓய்ந்திருக்கும். கோடையின் வெம்மை இன்னும் தொடங்கியிராது. கடலும் அடங்கியிருக்கும்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சென்னைக் கடலில் கதிரவன் மறைவதில்லை, உதிப்பதோடு சரி. செங்கதிர் கடலில் அமிழ்வதைக் காண விழைவோர் மும்பைக்கோ கொச்சிக்கோதான் செல்ல வேண்டும். நம் கதிரவன் நகரத்தின் பின்னால் மறைகிறான். இது குறை என்று சிலர் எண்ணக்கூடும். எனக்கோ இதுவே சிறப்பாகப் பட்டது. ஒளி பின்னாலிருந்து வருவதால் நகரின் விளம்பரப் பலகைகள், சுவர் வண்ணங்கள், தெருக்களின் அழுக்கு எல்லாம் மறைந்துபோய், உருவங்களின் விளிம்பு மட்டும் கருங்கோடாய்ப் புலப்படுகிறது. எது உயர்ந்து நிற்கிறது, எது தாழ்ந்திருக்கிறது என்பதே அப்போது நகரத்தைப் பற்றி நமக்குத் தெரியும் செய்தி.

துறைமுகத்தினுள் பாய்ப்படகு விடும் கழகம் 1911 ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவர் பொறியாளர். துறைமுகப் பொறுப்பாட்சிக்குத் தலைமை வகித்தவர். கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயில் மணலால் தூர்ந்து வந்தமையால் அதனை வடகிழக்குக்கு மாற்றி அமைத்தவரும் அவரே. ஆகவே இன்றும் தெற்கே செல்ல விரும்பும் படகு, முதலில் வடக்கு நோக்கிச் சென்று, நீண்ட அலைதடுப்புச் சுவரைச் சுற்றிக்கொண்டுதான் வெளிக்கடலை அடைய வேண்டும். அதுவரையில் சிறு எஞ்சினே படகை உந்துகிறது. பெருங்கப்பல்களின் பக்கவாட்டில் எங்கள் படகு சென்றபோது, பள்ளிச் சிறுமி தலையை முதுகுவரை சாய்த்து மேலே நோக்கினாள்.

வடக்கே திரும்பிய அந்தச் சில நிமிடங்களில் இராயபுரம் இருக்கும் திசை தெரிந்தது. அப்பெயரின் பொருளை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்றே அழைத்தனர். அவர் பெயரால் அமைந்ததே இராயபுரம். 1829 இல் அங்கே இராயப்பருக்குக் கோயில் எழுப்பியவர்கள் படகோட்டிகள். மீனவரான அப்போஸ்தலருக்குக் கடலில் பிழைப்பு நடத்தியவர்கள் தம் உழைப்பால் எடுத்த ஆலயம் அது.

அந்தப் படகோட்டிகள் செய்த தொழில் என்னவென்று இன்று கேட்டால் பலருக்குத் தெரியாது. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைக்கு வெகு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆட்களையும் சரக்குகளையும் கரை சேர்க்க மசூலாப் படகுகள் செல்லும். ஆணி அடித்த படகு அலை மோதித் தரை தட்டினால் பிளந்துபோகும்; ஆகவே பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, வளைந்து கொடுக்கும்படி கட்டியிருந்தனர். அலை மிகுந்து மசூலாவும் செல்ல இயலாத நாட்களில் கட்டுமரத்தில் ஆள் செல்வான். பனையோலையால் முடைந்த கூம்புத் தொப்பியினுள் கடிதங்களை வைத்து, நனையாமல் கொண்டுசேர்ப்பான். ஆளுநரானாலும் ஆயரானாலும், இந்நகரில் கால் வைக்கும் முன்பு மீனவரின் கையில் தம் உயிரைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

1861 இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்றைக் கட்டினர். 1876 இல் செயற்கைத் துறைமுகப் பணி தொடங்கிற்று. பணி முடியும் தறுவாயில் 1881 இல் வீசிய புயல் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. மனிதர் விடவில்லை, மீண்டும் கட்டினர். கடலும் விடவில்லை. நம் கரையோரமாக மணல் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. குறுக்கே சுவர் எழுந்ததும், மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே சேர வேண்டிய மணல் சேரவில்லை. தெற்கே தங்கிய மணல்தான் இன்று நாம் பெருமையோடு காட்டும் மெரினா. வடக்கே சேராத மணலின் விலையை இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள மீனவர்கள் தம் வீடுகளாலும் தெருக்களாலும் கொடுத்தனர். கற்களைக் கொட்டி அங்கே கரையைக் காக்க வேண்டியதாயிற்று. மெரினாவில் அமர்ந்து காற்று வாங்கும்போது இதனை நினைவுகூர்பவர் எத்தனை பேர்?

சுவரைச் சுற்றித் தெற்கே திரும்பியதும் இளைஞர் எஞ்சினை நிறுத்திப் பாயை ஏற்றினார். அதுவரை வாய் திறவாமல் அமர்ந்திருந்த முதியவர் எழுந்து, பாயின் ஓரத்தை இரு விரலால் நெருடிப் பார்த்தார்.

"நைலான் மாதிரி இருக்குது சாமி. நாங்க பருத்திப் பாயில ஓட்டினவங்க. பட்டையைக் காய்ச்சி அதுல தோய்ச்சு எடுப்போம். இல்லாட்டி உப்புத் தண்ணியில மக்கிப் போயிடும்."

இருபத்தைந்து வயது வரையில் அவர் பாய் கட்டிய கட்டுமரத்தில்தான் தொழில் செய்தாராம். பின்னர் எஞ்சின் வந்தது. மரம் போய் ஃபைபர் படகு வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் பாய்ப்படகில் ஏறுவது இதுவே முதல் முறை.

காற்றைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பகலில் நிலம் விரைவில் சூடேறுகிறது. கடல் மெல்லத்தான் சூடேறும். நிலத்தின் மேலுள்ள வெப்பக் காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று உள்ளே புகுகிறது. இதுவே நாம் மாலையில் மொட்டை மாடியில் அனுபவிக்கும் கடற்காற்று. இரவு முதிர்ந்தபின் நிலம் கடலைவிடக் குளிர்ந்துபோக, விடியலில் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசுகிறது. கரைக்காற்றில் புறப்பட்டுப் போய், கடற்காற்றில் திரும்பி வருவதென்பது எஞ்சின் வருமுன் நம் மீனவரின் நாட்கணக்கு. இறைவன் காற்றுக்கு வகுத்த கால அட்டவணையையே அவர்கள் தங்கள் தொழிலுக்கும் வைத்துக்கொண்டனர் எனலாம்.

அன்று காற்று கிழக்கிலிருந்து சற்றுத் தெற்குச் சாய்வாக வீசிற்று. நாங்களோ தெற்கே செல்ல வேண்டும். வீசும் காற்றுக்கு நேர் எதிராக எந்தப் பாய்க்கப்பலும் செல்ல இயலாது. ஆயினும் காற்றின் திசைக்கு ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் செல்லலாம். வளைந்த பாயின் மேல் ஓடும் காற்று படகைப் பக்கவாட்டிலும் முன்னோக்கியும் இழுக்கிறது. பக்கவாட்டு இழுப்பை, படகின் அடியில் நீருக்குள் நிற்கும் கனத்த ஏராக்கட்டை தடுத்துவிடுகிறது. எஞ்சுவது முன்னோக்கிய ஓட்டம். செல்ல வேண்டிய திசையில் காற்று எதிர்த்தால், ஒரு முறை இடப்புறம், ஒரு முறை வலப்புறம் என்று மாறி மாறிச் சாய்ந்து ஏறிப்போக வேண்டும். "எங்க மரத்துக்கு அடிக்கட்டை ஏது? பலகையைத் தண்ணியில இறக்குவோம். அதே வேலைதான்" என்றார் முதியவர். சீடர்கள் எதிர்க்காற்றில் வருந்தித் தண்டு வலித்ததைப் பற்றி நான் பல ஆண்டுகளாகப் பிரசங்கம் செய்து வருகிறேன். எதிர்க்காற்றில் பாய் விரித்த படகு எப்படி முன்னேறுகிறது என்பதை உடலால் அறிந்தது அன்றுதான். படகு சாய்ந்தபோது நம் தமிழ்ப் பிரசங்கிகள் அனைவரையும் ஒரு முறை கடலில் ஏற்றவேண்டும் என்று தோன்றிற்று.

கரை நழுவிச் சென்றுகொண்டிருந்தது. கோட்டை, அதன் நெடிய கொடிக்கம்பம், உயர்நீதிமன்றத்துக் குவிமாடங்கள், கூவத்தின் முகத்துவாரம், பல்கலைக்கழகக் கட்டடங்கள், தலைவர்களின் நினைவிடங்கள். உயர்நீதிமன்றக் கோபுரம் 1894 முதல் கலங்கரை விளக்கமாகவும் இருந்தது என்பது பலருக்குப் புதுச் செய்தியாய் இருக்கும். அதற்கு முன்னர் 1844 இல் எழுப்பிய கருங்கல் தூண் அதே வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அதற்கும் முன்னர் 1796 இல் கோட்டைக்குள் ஒரு விளக்கு. இப்போது மெரினாவின் தென்கோடியில் எரிவது 1977 இல் ஏற்றப்பட்ட நான்காவது விளக்கு. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியக் கப்பல் நாங்கள் கடந்த இந்த நீர்ப்பரப்பிலிருந்துதான் நகரின் மீது குண்டு வீசிற்று. எண்ணெய்க் கிடங்குகள் எரிந்தன. எம்டன் என்ற சொல் நம் பேச்சில் எப்படிப் புகுந்தது என்பதைச் சிறுமி தன் தந்தையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் வட்ட முகப்புக் கட்டடத்தை அவளுக்குச் சுட்டிக்காட்டினேன். 1842 இல் அது பனிக்கட்டிக் கிடங்காகக் கட்டப்பெற்றது. அமெரிக்க நாட்டு ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த நீரை வெட்டியெடுத்து, பாய்க்கப்பலில் ஏற்றி, மாதக் கணக்கில் கடலில் பயணம் செய்து இங்கே கொண்டுவந்து இறக்கினர். அன்று அது கரையோரக் கட்டடம். இன்று அதன் முன்னால் சாலையும், அதற்கப்பால் பரந்த மணலும் கிடக்கின்றன. துறைமுகச் சுவர் சேர்த்துக் கொடுத்த மணல் அது.

ஆறு மணி அளவில் சாந்தோமுக்கு நேரே வந்து சேர்ந்தோம். கரையிலிருந்து சற்று விலகியே நின்றோம். இங்கே நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1896 இல் கட்டி முடித்த பேராலயத்தின் கோபுரம் 155 அடி உயரம். வெண்மையான அக்கோபுரம் அவ்வேளையில் கருத்துத் தெரிந்தது. முதியவர் என் பக்கம் நகர்ந்து அமர்ந்து, கையை நீட்டினார்.

"சாமி, அந்தக் கோபுரத்துக்குப் பின்னால பாருங்க. இப்ப அடுக்கு மாடியா நிக்குது. அந்தக் காலத்துல அங்க ஒண்ணும் கிடையாது. பரங்கிமலை தெரியும். மலை கோபுரத்துக்கு இந்தாண்ட தெரிஞ்சா ஒரு இடம், அந்தாண்ட தெரிஞ்சா ஒரு இடம். கோபுரமும் மலையும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து நின்னுச்சுன்னா, அந்தக் கோட்டுல வெளிய போனாப் பாரு இருக்குது. மீன் இருக்கும்."

கடலுக்கடியில் மீன் தங்கும் பாறைத் திட்டினையே பார் என்கின்றனர். கரையில் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கும் இரு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்தும், வேறொரு பக்கத்தில் இன்னும் இரண்டினை அவ்வாறே வைத்தும், கோடுகள் சந்திக்கும் இடத்தைத் தவறாமல் கண்டுபிடிப்பது மீனவரின் பழைய கணக்கு. எழுத்தறியாதவர்கள் என்று நாம் கருதிய மனிதர்கள் நாள்தோறும் வடிவ கணிதம் செய்துவந்திருக்கின்றனர்.

என் உள்ளத்தைத் தொட்டது கணக்கு மட்டுமன்று. நம் மரபின்படி புனித தோமையார் மறைசாட்சியாக இரத்தம் சிந்திய இடம் பரங்கிமலை. அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம் மயிலைக் கடற்கரை. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 10 கிலோமீட்டர். நகரப் படத்தை விரித்து அவ்விரண்டையும் ஓர் அளவுகோலால் இணைத்துப் பாருங்கள். அவர் ஒளிந்திருந்ததாக மரபு கூறும் சின்னமலையும் அக்கோட்டை ஒட்டியே கிடக்கும். அக்கோட்டைக் கடலுக்குள் நீட்டினால் அதுவே முதியவரின் மீன்பிடிக் கோடு. கல்லறையையும் கொலைக்களத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதில் தம் பிள்ளைகளுக்கு உணவு தேடியிருக்கின்றனர் இம்மக்கள். அவர்களுள் பலர் கிறிஸ்தவர் அல்லர். அப்போஸ்தலர் அவர்களையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பவில்லை.

அன்று இன்னுமொன்று நேர்ந்தது. அதனைத் திட்டமிட்டு நாங்கள் செல்லவில்லை. பிப்ரவரி நடுவில் கதிரவன் நேர் மேற்கில் மறைவதில்லை. ஏறத்தாழ 13 பாகை தெற்கே ஒதுங்கி மறைகிறான். சாந்தோமுக்கு நேரே கடலில் நிற்பவர்க்குப் பரங்கிமலை இருப்பதும் ஏறக்குறைய அதே திசையில். ஆகவே செம்பரிதி மெல்ல இறங்கி, பேராலயக் கோபுரத்தை ஒட்டி, மலை இருக்க வேண்டிய இடத்திலேயே சென்று அடங்கிற்று. மலையை மாடிகள் மறைத்திருந்தன. அது எங்கே இருக்கிறது என்பதைக் கதிரவன் காட்டிக்கொடுத்தான். அக்டோபர் இறுதியிலும் அவன் இதே திசையில்தான் மறைவான். ஆனால் அது மழைக்காலம், கடலுக்குப் போக ஏற்றதன்று.

திரிகால செபத்தைச் சொன்னோம். ஆலய மணி ஒலித்திருக்கும், எங்களுக்குக் கேட்கவில்லை. காற்று கரையை நோக்கி வீசியதால் ஒலி எங்கள்பால் வராது. தூய சவேரியார் 1545 இல் இந்த மயிலையில் நான்கு மாதங்கள் தங்கியிருந்தார். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய அவரை எதிர்க்காற்று திருப்பிவிட, தரைவழியாகவே இங்கு வந்து சேர்ந்தார். அப்போஸ்தலரின் கல்லறையருகே செபித்துத் தெளிவு பெற்று, இங்கிருந்தே மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார். பின்னர் கீழ்த்திசை நாடுகளில் அவர் செய்த பணிக்கெல்லாம் புறப்பாடு இந்தக் கரை. அவர் கண்ணுக்கு மலைமீது 1523 இல் எழுந்த அன்னையின் ஆலயமும் தூரத்தே தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

கோவிலின் நடுக்கூடத்தை இலத்தீனில் நாவிஸ் என்பர். கப்பல் என்பது பொருள். நம் நாவாய் என்னும் சொல்லின் ஒலி அதில் கேட்கிறதல்லவா? குருமடத்தில் இதனைப் படித்தபோது வெறும் சொல்லாராய்ச்சியாகவே இருந்தது.

ஒளி குன்றியதும் கரை வேறு முகம் காட்டிற்று. கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கிற்று. கடற்கரைச் சாலை நெடுக விளக்குகள். அவற்றின் பின்னே அடுக்குமாடிகளின் விளக்குகள். கலங்கரை விளக்கத்திற்கும் பேராலயத்திற்கும் இடையே, சாலை விளக்குகளுக்குக் கீழே, நீரை ஒட்டி ஒரு கரிய பட்டை மட்டும் தெரிந்தது. "அது இன்னா தாத்தா, இருட்டா?" என்று சிறுமி கேட்டாள். "அதுதான் எங்க இடம் கண்ணு" என்றார் அவர். நொச்சிக்குப்பமும் அதனை அடுத்த குப்பங்களும் படகும் வலையும் வைத்திருக்கும் மணல் அது.

அந்தக் கரிய பட்டைக்காக நடந்துவரும் வழக்கு நீளமானது. மணலுக்கும் குடியிருப்புக்கும் இடையே லூப் சாலை ஓடுகிறது. அச்சாலையோரம் மீன் விற்ற பெண்களின் கடைகள் 2023 ஏப்ரலில் அகற்றப்பட்டன; மீனவர் மறியல் செய்தனர். 2024 இல் நொச்சிக்குப்பத்தில் அங்காடி ஒன்று கட்டித் திறக்கப்பட்டது. அங்காடி நல்லதா, சாலையோரம் நல்லதா என்பதில் மீனவப் பெண்களிடையே இரு கருத்து உண்டு. தீர்ப்புக் கூற நான் முற்படேன். ஆனால் சாலையில் காரில் விரைபவரின் கண்ணுக்கு அவர்கள் போக்குவரத்து இடையூறு. கடலிலிருந்து பார்க்கும்போது, அந்தச் சாலைதான் அவர்கள் வாசலின் குறுக்கே பிற்காலத்தில் வந்து படுத்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது.

செம்மஞ்சேரி அம்மாளைப் பற்றிச் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26, திருக்குடும்ப விழா ஞாயிறு. காலைத் திருப்பலிக்கு மூத்த பிள்ளைகளோடு அவர் வந்திருந்த நேரத்தில், வீட்டிலிருந்த கடைசி மகளை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. குழந்தைக்கு ஆறு வயது. பின்னர் அரசு வீடு கொடுத்தது, நகரின் தென்கோடியில், கடலோசை கேளாத இடத்தில். கடலை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல அவ்வாறு செம்மஞ்சேரிக்கும் கண்ணகி நகருக்கும் சென்றன. அன்று முதல் அவர் கடலின் பக்கம் திரும்பியதில்லை. வருகிறேன் என்று சொன்னவர் அவரேதான். நாங்கள் அழைக்கத் துணியவில்லை. போகும்போது கரைக்கு முதுகு காட்டி, கிழக்கே பார்த்தபடியே அமர்ந்திருந்தார். சாந்தோமை விட்டுத் திரும்புமுன், "அடையாறு முகத்துவாரம் எந்தப் பக்கம் தம்பி?" என்று படகோட்டும் இளைஞரைக் கேட்டார். அவர் காட்டினார். அம்மாள் எழுந்து நின்று அத்திசையைப் பார்த்தார். மடியில் முடிந்து வைத்திருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து நீரில் இட்டார். நான் செபம் ஏதும் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சாமி, நீங்க தினமும் பூசையில வைக்கிறீங்க. இது நான் குடுக்கறது" என்றார். பின்பு இளைஞரின் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டார். திரும்பும் வழியெல்லாம் அவர்தான் அதிகம் பேசினார்.

இப்பயணத்தை மேற்கொள்ள விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். துறைமுகம் காவல் மிகுந்த இடம். அடையாள அட்டை இன்றி உள்ளே விடமாட்டார்கள், முன்கூட்டியே பெயர் கொடுத்தாக வேண்டும். மிதவைச் சட்டை அணியாமல் படகில் ஏறாதீர்கள். நீச்சல் தெரிந்தவரும் அணிய வேண்டும். கடற்கரையில் நின்று கூவி அழைக்கும் படகுகளில், எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்று பாராமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். வானிலை அறிக்கை கேளாமல் புறப்படாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதனை நினைக்கவே வேண்டாம். வயிறு நிறைய உண்டுவிட்டு ஏறுவது கூடாது, வெறும் வயிறும் ஆகாது. தலை சுற்றினால் படகுக்குள் குனியாமல் தொலைவில் கரையைப் பாருங்கள். செலவைப் பொறுத்தவரை, நாலைந்து குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டால் தாங்கக்கூடியதே. முடியுமாயின் மீனவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவரில்லாமல் சென்றால் அழகைக் காண்பீர்கள். எதைக் காண்கிறோம் என்று அறியமாட்டீர்கள்.

திரும்பும்போது காற்று சாதகமாகப் பக்கவாட்டில் நின்றது. படகு நிமிர்ந்து விரைந்தது. இளைஞர் சுக்கானை முதியவரின் பேரனிடம் கொடுத்தார். அவன் கணினி படிக்கிறவன், கடலுக்குப் போனதில்லை. போகவிடக் கூடாதென்பதில் தாத்தாவே உறுதியாக இருந்தாராம். துறைமுகத்து விளக்கு ஒன்றைக் காட்டி, அணியத்தை அதற்கு நேராக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு இளைஞர் கயிறுகளைப் பார்க்கப் போனார். பையனின் கையை முதியவர் இரண்டொரு முறை மெல்லத் திருத்தினார்.

"தாத்தா, லைட்டே இல்லாத காலத்துல, இருட்டுல நம்ம குப்பத்துக்கு எப்படித் திரும்புவீங்க?"

"நட்சத்திரம் இருக்கும். மூடம் போட்டா அதுவும் இருக்காது. விடியறதுக்குள்ள கரைக்காத்து அடிக்கும் பாரு, அதுல அடுப்புப் புகை வரும். சவுக்கு மிலாறு எரிச்ச புகை. நம்ம குப்பத்துப் புகை எனக்குத் தெரியும்."

பையன் சிறிது நேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது எல்லார் வீட்டிலும் கேஸ் அடுப்புத்தான் தாத்தா என்றான்.